மேற்கு வாசலில் நலமாக இருக்கிறேன்

பெரிய காஞ்சிபுரம்
10-2-2008, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு ஜோதிகா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே அப்பா, அம்மா, அண்ணி, நான், அண்ணியின் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கும் சின்ன ஆள் எல்லாரும் சுகம். அந்த ஊர்க் குளிரில் உன் தொண்டை கட்டாமல் இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் ஜெபிக்கிறாள். கட்டியிருந்தால் மிளகு போட்டுப் பால் குடி.

பெரிய செய்தி. ஆர்குட்டில் உனக்கு நண்பர்கள் நூறைத் தாண்டிவிட்டார்கள். லீவுக்கு வந்தபோது, "நீயே பாத்துக்கோ ஜோதி, அங்க எனக்குக் கம்ப்யூட்டரும் இல்ல, நேரமும் இல்ல" என்று பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுப் போனாய். அன்று முதல் நான்தான் கிறிஸ்டோபர். உன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், உன் பட்டாளத்துக்காரர்களின் வீட்டு மனிதர்கள், யார் ஸ்க்ராப் என்று ஒரு செய்தி போட்டாலும் உடனே பதில் போகிறது. உன்னை ரொம்பக் கலகலப்பான ஆள் என்று ஊரே பேசிக்கொள்கிறது. அந்தப் புகழ் எனக்கு வர வேண்டியது, நினைவில் வைத்துக்கொள்.

வேலை நேரத்தில் இதைச் செய்வது தப்புதான். ஆனால் ஏனாத்தூர் காலேஜ் பிள்ளைகள் ரிசல்ட் பார்க்க ஓடிவரும் நாட்கள் தவிர, எங்கள் பிரவுசிங் சென்டரில் நாற்காலிகள்தான் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. முதலாளி சிட்டிபாபு அண்ணன் ஒன்றும் சொல்வதில்லை. ஞாயிறு மதியம் அண்ணியைக் கூட்டிவந்து ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்து உன் பக்கத்தைத் திறந்து காட்டுவேன். நான் எழுதியது என்று தெரிந்தும் அவள் வெட்கப்படுகிறாள்.

எஸ்டிடி பூத்தில் உனக்குக் கிடைக்கும் நேரம் முழுவதும் அண்ணிக்கே போய்விடுவதால் எனக்குக் கடிதம்தான் கதி. நீ துப்பாக்கியோடு வாசலில் நிற்கும் போட்டோவைப் போட்டிருக்கிறேன். ராஜா மாதிரி இருக்கிறாய்.

உன் பதிலுக்கு வழிபார்க்கும்,
ஜோதிகா


56 ஏபிஓ
24-2-2008

அன்புத் தங்கை ஜோதிக்கு அண்ணன் ஆசீர்வாதம். நான் சுகம். தொண்டை கட்டியது, விட்டுவிட்டது. அம்மாவிடம் கட்டவே இல்லை என்று சொல்.

முதலில் அந்த வாசல் போட்டோவை எடு. மாமல்லபுரத்தில் எடுத்ததைப் போடு. போன வாரம் எங்கள் மேஜர் சாப் எல்லாரையும் நிற்க வைத்து உத்தரவு படித்தார். இது ஆயுதக் கிடங்கு, போன் வாசலைத் தாண்டக் கூடாது, முகாமைப் பற்றி இன்டர்நெட்டில் ஒரு வரி வரக் கூடாது, வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார். அதற்காக நீ நிறுத்திவிடாதே. நலம் விசாரித்து நாலு வார்த்தை எழுதுவதில் தப்பில்லை.

இன்னொரு வேலையும் தருகிறேன். என் பக்கத்துக் கட்டில்காரன் சாமுவேல், கூரம் ஊர்க்காரன். அவனுக்கும் ஒரு கணக்கு ஆரம்பித்துக் கொடு. அவன் அம்மா எல்லம்மாள் ஏனாத்தூரில் மாணவர் விடுதியில் சமையல் வேலை செய்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண் கல்யாணமாகிப் போனதிலிருந்து இவன் கடிதத்தைப் படித்துக் காட்ட ஆள் இல்லையாம். நான் என் கடிதத்தோடு இவன் செய்தியையும் எழுதி அனுப்புகிறேன். நீ அவன் பெயரில் போட்டு அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டு.

அவன் பேசவே மாட்டான். அதனால்தான் சுபேதார் அவனை எப்போதும் மேற்கு வாசல் காவலுக்கே போடுகிறார். அங்கே பேச்சுத்துணைக்கு ஒரு ஜீவன் கிடையாது. மற்றவர்கள் ஒரு நாளில் அலுத்துப்போவோம். இவன் சந்தோஷமாகப் போய் நிற்கிறான்.

பியூலாவை மாடிப்படி ஏறவிடாதே.

அன்புடன்,
அண்ணன்


பெரிய காஞ்சிபுரம்
16-3-2008, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கையின் வணக்கம். சுகத்துக்குக் குறைவில்லை. அண்ணிக்குப் புளிப்பு ஆசை போய் இப்போது கமர்கட் ஆசை வந்திருக்கிறது. அப்பா ஆட்டோவில் பை நிறைய வாங்கி வைத்துக்கொண்டு தானும் தின்கிறார்.

வாசல் போட்டோவை எடுத்துவிட்டேன். உன் நண்பருக்குக் கணக்கு ஆரம்பித்தாயிற்று. நீ அனுப்பிய பாஸ்போர்ட் சைஸ் படத்தை ஸ்கேன் செய்து போட்டேன். காது கொஞ்சம் பெரிது. மற்றபடி பரவாயில்லை.

ஆனால் அவர் எழுதி அனுப்பிய செய்தியைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. "நலம். சாப்பாடு பரவாயில்லை. மாத்திரையை விடாமல் போடவும்." முடிந்தது. எல்லம்மாள் அம்மா விடுதியில் அத்தனை பிள்ளைகளுக்கு இட்லி ஊற்றிவிட்டு, பஸ்ஸில் நசுங்கி வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்கிறார்கள். மூன்று வரியைப் படித்து முடித்ததும் அந்த அம்மா ஸ்கிரீனையும் என்னையும் மாறிமாறிப் பார்த்து, "அப்புறம்? இன்னும் இன்னா எழுதிக்கிறான்?" என்றார்கள்.

நான் என்ன செய்வேன்? காவல் நிற்கும் இடத்துக்கு ஒரு மயில் வருகிறது, அதற்கு நான் சப்பாத்தி போடுகிறேன் என்று சேர்த்துவிட்டேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறு மயில் குஞ்சு பொரித்தது. இப்போது வாராவாரம் உன் நண்பர் ஒரு பக்கம் எழுதுகிறார். அவருக்கு இது தெரிய வேண்டாம்.

ஒரு கேள்வி. உன் நண்பருக்குப் பிடித்த சாப்பாடு எது? அவர் பெயரில் எழுதுகிறவளுக்கு இதெல்லாம் தெரிய வேண்டும் அல்லவா? வேறு காரணம் எதுவும் இல்லை.

என்றும் அன்புள்ள,
ஜோதிகா


56 ஏபிஓ
6-4-2008

அன்புத் தங்கைக்கு, அண்ணன் நலம், உங்கள் நலமறிய ஆவல்.

மயில் விஷயத்தை அவனிடம் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அவன் திகைத்துப்போய், "நிஜமாவே ஒரு மயில் வருது. அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். இத்தனை மாதம் பக்கத்தில் படுக்கும் என்னிடம் அந்த மயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, அழுத்தக்காரன். இப்போது ஞாயிறு வந்தால், "நான் இந்த வாரம் இன்னா எழுதினேன்?" என்று என்னைக் கேட்கிறான். பிடித்தது கருவாட்டுக் குழம்பு.

என் நண்பர்கள் எல்லாரும் உனக்கு அண்ணன். சிட்டிபாபுகூட அண்ணன். இவன் மட்டும் உன் நண்பர், உன் நண்பர். கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. கிடங்குகளைச் சுற்றிப் புல் காய்ந்து கிடக்கிறது. ஒரு பொறி போதும். நாள் முழுவதும் புல் வெட்டி முதுகு ஒடிகிறது. இதையெல்லாம் ஆர்குட்டில் எழுதிவிடாதே.

அன்புடன்,
கிறிஸ்டோபர்


பெரிய காஞ்சிபுரம்
4-5-2008, ஞாயிறு

அன்புள்ள அண்ணா, நீ சுகம் என்று நேற்று உங்கள் ஆபீஸிலிருந்து அப்பாவுக்கு போன் வந்தது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று அம்மா இன்னும் நிறுத்தவில்லை. நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் எழுதுகிறேன்.

வெள்ளி மதியம் சென்டர் டிவியில் உங்கள் கிடங்கு தீப்பிடித்து எரிகிறது என்று ஓடியது. புகை வானம் வரைக்கும். வெடிச் சத்தம். எந்த போனுக்கு அடித்தாலும் மணி போகவில்லை. கொஞ்ச நேரத்தில் அண்ணி செருப்புகூடப் போடாமல் வந்துவிட்டாள். எட்டு மாத வயிறு, டாக்டர் ஏற்கெனவே பிரஷர் என்று சொல்லியிருக்கிறார். முகம் வெளுத்து, உதடு நடுங்கி, தண்ணீர் கொடுத்தால் வாயில் வாங்கவில்லை.

நான் மூன்றாம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து உன் பெயரில் எழுதினேன். "பியூலா, நான் நலம். போனை எல்லாம் வாங்கி வைத்துவிட்டார்கள். நீ சாப்பிடு." அப்புறம் முதல் கம்ப்யூட்டருக்கு ஓடி, "அண்ணி, அண்ணன் எழுதிக்கிறான், வா வா" என்று கத்தினேன். எப்போதும் எழுதுகிறவள் நான் என்று தெரிந்தவள்தான். ஆனாலும் அன்று செய்தி தெரிந்தபோது நான் கம்ப்யூட்டரில் உட்காராமல் அவள் கண் எதிரே நின்றேன், அதனால் நம்பினாள். அழுதாள், தண்ணீர் குடித்தாள், தயிர்சாதம் சாப்பிட்டாள். நீ உயிரோடு இருக்கிறாயா என்று எனக்கே தெரியாது அண்ணா. அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே கக்கூஸில் போய் அழுதேன்.

வெளியே வந்தால் எல்லம்மாள் அம்மா. கையில் மாவுகூடக் காயவில்லை. "எம் புள்ள இன்னா எழுதிக்கிறான், பாரும்மா." சாமுவேல் பெயரில் நலம் என்று ஒரு வரி போட்டுப் படித்தேன். அந்த அம்மாவுக்கு ஒரு வரி எப்போது போதுமானதாக இருந்திருக்கிறது? "எங்க நின்னுக்கினு இருக்கிறான்? தீ எந்தப் பக்கம்? கேளும்மா" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். நான் எழுதினேன்: "அம்மா, தீ கிழக்குப் பக்கம். நான் மேற்கு வாசலில் நலமாக இருக்கிறேன். இந்தப் பக்கம் இருப்பதை எல்லாம் காலி செய்துகொண்டிருக்கிறோம்." கிழக்கு என்பது என் கற்பனை. அவர் மேற்கில் நின்றால் தீ கிழக்கில்தானே இருக்க வேண்டும்.

இதைக் கேள். ஆர்குட்டில் போடுவதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் அல்லவா, அன்று சாயங்காலம் ஒரு இந்திச் செய்திச் சேனலில் சாமுவேல் படமும் அந்த வரிகளும் வந்தன. எரியும் கிடங்குக்குள்ளிருந்து ஒரு வீரனின் செய்தி என்று திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நான் எழுதியது, அண்ணா, டெல்லியில் படிக்கிறார்கள். தெருவே சென்டரில் கூடிவிட்டது. சிட்டிபாபு அண்ணன் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

எல்லம்மாள் அம்மாவுக்கு ஆபீஸிலிருந்து தகவல் வரவில்லை. அது தேவையில்லை, அவன்தான் எழுதிவிட்டானே என்று நிம்மதியாகக் கூரத்துக்கு பஸ் ஏறினார்கள். எனக்குத்தான் தூக்கம் இல்லை. உன் நண்பர் எப்படி இருக்கிறார்? அதை மட்டும் முதலில் எழுது.

ஜோதிகா


56 ஏபிஓ
14-5-2008

ஜோதிக்கு, நான் நலம். எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

தீ அணைந்துவிட்டது. மேஜர் சாப் பக்கத்தில் நின்று நாள் முழுவதும் தண்ணீர்க் குழாய் பிடித்தேன். புருவம் கருகியது, அவ்வளவுதான். பூத்தை மூடி வைத்திருக்கிறார்கள். பியூலாவைத் தைரியமாக இருக்கச் சொல். லங்கர் சாப்பாட்டுக் கூடத்தில் இப்போது சோறு நன்றாகப் போடுகிறார்கள். மழை வரும் போலிருக்கிறது.

இனிமேல் ஆர்குட்டைத் தொடாதே. இரண்டு கணக்கையும் திறக்காதே. யார் கேட்டாலும் தெரியாது என்று சொல். காரணம் கேட்காதே.

கிறிஸ்டோபர்


பெரிய காஞ்சிபுரம்
25-5-2008, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு, இங்கே உடம்புக்கு எல்லாரும் சுகம். மனசுக்கு யாரும் இல்லை.

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் தெரியுமா? புருவம் இருக்கிறது, சோறு இருக்கிறது, மழை இருக்கிறது. சாமுவேல் இல்லை. அவர் பெயரை எழுதக்கூட உன் பேனாவுக்கு மனசில்லை. கேட்டதே அது ஒன்றுதான்.

கருட சேவைக் கூட்டத்தில் அப்பாவால் ஆட்டோவை எடுக்க முடியவில்லை. ஊரே பெருமாள் பின்னால் ஓடுகிறது. அந்த நெரிசலில் எல்லம்மாள் அம்மா நடந்தே சென்டருக்கு வந்தார்கள். மகன் ஏன் எழுதவில்லை என்று கேட்டார்கள். நெட் வேலை செய்யவில்லை என்றேன். போன வாரமும் அதைத்தான் சொன்னேன். அன்றைக்கு நலமாக இருக்கிறேன் என்று எழுதினானே, அதையே இன்னொரு முறை படி என்றார்கள். படித்தேன் அண்ணா. நானே எழுதியதை நானே படித்தேன்.

அவர் உயிரோடு இருக்கிறாரா, இல்லையா? இரண்டில் ஒன்றை எழுது. அண்ணியின் பிரசவம் முடிவதற்குள் பதில் வராவிட்டால் எல்லம்மாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறி உன் மேற்கு வாசலிலேயே வந்து நிற்பேன். நான் வருவேன் என்று உனக்குத் தெரியும்.

ஜோதிகா


56 ஏபிஓ
15-6-2008

அன்புத் தங்கை ஜோதிக்கு, பெண் குழந்தை என்று பூத்தில் கேட்டதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தாயும் மகளும் சுகமாக இருக்க ஆண்டவரைக் கும்பிடுகிறேன். போனில் உன்னைக் கூப்பிடச் சொல்லவில்லை. உன் குரலைக் கேட்டால் என்னால் மறைக்க முடியாது. இதை முகாம் பெட்டியில் போடாமல் ஊருக்குள் வந்து போடுகிறேன்.

சாமுவேல் உயிரோடு இருக்கிறான். ஒரு கீறல்கூட இல்லை. முகாமின் காவலறையில் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

டிவியில் வந்தது மேஜர் சாப் கண்ணில் பட்டது. நீ கற்பனையாக எழுதினாய். ஆனால் தீ நிஜமாகவே கிழக்குப் பக்கம்தான் பிடித்தது. சாமுவேல் நிஜமாகவே மேற்கு வாசலில் தனியாக நின்றிருந்தான். உள்ளே இருப்பவனைத் தவிர யாருக்கும் இது தெரியாது என்கிறார்கள். கிடங்குக்குள் போன் கொண்டுபோனான், எரியும் நேரத்தில் எதிரிக்கு வழி காட்டுவதுபோல உலகத்துக்கே இடம் சொன்னான் என்று விசாரணை. தேடிப் பார்த்தார்கள், போன் கிடைக்கவில்லை. எங்கேயோ புதைத்துவிட்டான் என்கிறார்கள். அந்த போனால்தான் தீயே பிடித்தது என்றுகூட ஒருவர் சொல்கிறார். நிரூபணமானால் வேலை போகும், ஜெயிலும் உண்டு.

என் பெயரில் நீ எழுதியதைப் பற்றியும் கேட்டார்கள். நான் குழாயும் கையுமாக மேஜர் பக்கத்திலேயே நின்றதால் யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று விட்டுவிட்டார்கள். அவனுக்குச் சாட்சி சொல்ல அந்த மயில்தான் இருக்கிறது.

அவன் "எனக்குத் தெரியாது சாப்" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் மேற்கு வாசல் சங்கதியைக் கடிதத்தில் எழுதியது நான்தான் என்று வெளியே வரும். எனக்கு நாயக் பதவி உயர்வுப் பட்டை வரும் நேரம். குழந்தை பிறக்கும் நேரம். ஜன்னல் வழியாகச் சோற்றுத் தட்டு கொடுக்கப் போனபோது, "நீ உன் பிள்ளையப் பாரு. ஜோதிகா பேரு இங்க வரக் கூடாது" என்றான்.

நான் பயந்தாங்கொள்ளி ஜோதி. தட்டை வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

கிறிஸ்டோபர்


பெரிய காஞ்சிபுரம்
22-6-2008, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு, உன் மகள் சுகம், அண்ணி சுகம். குழந்தைக்கு உன் மூக்கு. உன் பயம் வராமல் இருக்கட்டும்.

அதற்கு மேல் உன்னைத் திட்டமாட்டேன். எழுதியது என் கை. இதோடு உங்கள் மேஜருக்கும் ரிஜிஸ்டர் தபாலில் ஒரு கடிதம் போகிறது. இரண்டு கணக்கும் என்னிடம் இருந்தன, அன்று எழுதியவள் நான், எழுதிய இடம் இந்த பிரவுசிங் சென்டர், சாமுவேல் கையில் போன் இல்லை என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறேன். சிட்டிபாபு அண்ணன் இரண்டு இடத்தில் திருத்தினார், மூன்று இடத்தில் கெடுத்தார். போலீஸ் வந்து கடையை மூடினாலும் மூடட்டும், அந்தப் பையனை அங்கே உட்கார வைக்காதே என்று அவரே ஸ்டாம்பு ஒட்டினார். அப்பா ஆட்டோவில் தபால் ஆபீஸுக்குக் கூட்டிப்போனார். மேஜர் என் கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்னால் நீ அவர் எதிரே போய் நின்றால் நான் சந்தோஷப்படுவேன்.

எல்லம்மாள் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். விடுதி சமையல்கட்டுக்கே போய், மயிலிலிருந்து எல்லாமே நான் எழுதியது என்று சொன்னேன். கரண்டியால் அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அந்த அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு, "எனக்குத் தெரியும்மா. எம் புள்ள இவ்ளோ பேசுவானா? நீ படிக்கிறது நல்லா இருந்துச்சு, கேட்டுக்கினு இருந்தேன்" என்றார்கள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அன்னிக்கு ஒரு நாள்தான் நம்பிட்டேன்" என்றார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

ஜோதிகா


பெரிய காஞ்சிபுரம்
13-7-2008, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு, அனைவரும் சுகம். நான் மட்டும் வெள்ளிக்கிழமையிலிருந்து காற்றில் நடக்கிறேன். என்ன முடிவு என்று உடனே எழுது, இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

உங்கள் மேஜர் போன் செய்வார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. சென்டர் போன் அடித்ததும் சிட்டிபாபு அண்ணன் எடுத்தார். வடக்கத்திச் சேட்டுகளிடம் பட்டுப்புடவை விற்றுப் பழகிய இந்தி. "ஜி சாப், ஜி சாப்" என்று எழுந்து நின்றுவிட்டார். ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, "அம்மாடி, அந்தப் பையன் அவங்க எதிர்ல கையைக் கட்டிக்கினு நிக்கிறானாம். நீ இப்பவே அவன் பேர்ல எதையாவது எழுதணுமாம். அவங்க கம்ப்யூட்டர்ல தெரியணுமாம்" என்றார்.

நான் நாற்காலியை இழுக்கவும் கரண்டு போகவும் சரியாக இருந்தது. தினமும் போகிற கரண்டுதான், அன்று நான் மறந்துவிட்டேன். யூபிஎஸ் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. நம்முடையது பழைய பேட்டரி, மூச்சு விடுவதற்குள் செத்துவிடும். சிட்டிபாபு அண்ணன் ஓடி ஓடி மற்ற கம்ப்யூட்டர்களின் வயர்களைப் பிடுங்கினார். ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்த ஏனாத்தூர் பிள்ளைகள் சண்டைக்கு வந்து, விஷயம் தெரிந்ததும் என் பின்னால் கூட்டமாக நின்றுகொண்டார்கள். பக்கம் திறக்கவில்லை. பாதி திறந்தது. பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தேன். மறுபடி அடித்தேன். கணக்கு திறந்ததும் உன் பக்கத்துக்குப் போய், சாமுவேல் உனக்கு எழுதுவதுபோல எழுதி அனுப்பினேன். பட்டனை அழுத்தியதும் ஸ்கிரீன் அணைந்தது. போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாது. சிட்டிபாபு அண்ணன் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். அப்புறம் மேஜர், "வந்துவிட்டது" என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டாராம். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

என்ன எழுதினேன் என்று கேட்காதே. அவசரத்தில் கை எதையோ அடித்தது. அதைப் பற்றி அப்புறம் பேசலாம். வேண்டாம், பேசவே வேண்டாம்.

ஜோதிகா


56 ஏபிஓ
21-7-2008

அன்புத் தங்கைக்கு அண்ணன் ஆசீர்வாதம். நான் நலம். சாமுவேலும் நலம். அவன் இப்போது என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறான். போன் குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டார்கள்.

உன் ரிஜிஸ்டர் கடிதம் வருவதற்கு முந்தின நாளே நான் மேஜர் எதிரே போய் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் பட்டை அடுத்த வருஷத்துக்குப் போய்விட்டது. கணக்கை அடுத்தவர் கையில் கொடுத்ததற்காக இரண்டு பேருக்கும் இந்த மாதம் முழுவதும் கூடுதல் காவல். ஆர்குட்டில் இருவர் கணக்கையும் மூடியாயிற்று. உன் கிறிஸ்டோபருக்கு நூறு பேர் இருந்தார்கள், பாவம். ஆனாலும் எனக்கு இன்றுதான் சோறு இறங்குகிறது.

நீ பேச வேண்டாம் என்றாய். எனக்கு வேறு வழி இல்லை. அன்று அந்த அறையில் நானும் நின்றேன். செய்தி வந்ததும் மேஜர் சாப் ஸ்கிரீனை என் பக்கம் திருப்பி, இது உங்கள் பாஷை, இந்தியில் சொல் என்றார். சுபேதார் எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்தார். நான் படித்தேன். இங்கிலீஷ் எழுத்தில் நீ அடித்திருந்தது இது: "கிறிஸ்டோபர், உன் தங்கச்சியை எனக்குக் கட்டிக் குடுப்பாரான்னு உங்க அப்பாவைக் கேளு. அந்தப் பொண்ணு வேணான்னு சொல்லாது."

எனக்குக் காது அடைத்துவிட்டது. மேஜர் மேஜையைத் தட்டி, சொல் என்றார். விசாரணை ஜோதி, பொய் சொல்ல முடியுமா? சொந்தத் தங்கையின் கல்யாணப் பேச்சை அட்டென்ஷனில் நின்றபடி இந்தியில் மொழிபெயர்த்தவன் இந்தியப் பட்டாளத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சுபேதார் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

மேஜர் சாமுவேலைப் பார்த்தார். இதை நீ எழுதினாயா என்று கேட்டார். அவன் இல்லை சாப் என்றான். அப்படியானால் இதில் உள்ளது பொய்யா என்று கேட்டார். அவன் உன் நண்பர் அல்லவா, வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. காது மட்டும் சிவந்தது. அப்புறம் சொன்னான்: "பொய்யுன்னு சொல்ல மாட்டேன் சாப்."

மேஜர் எங்களை வெளியே போகச் சொன்னார். கதவைச் சாத்தும்போது சுபேதார் சிரிக்கும் சத்தம் கேட்டது.

நான் அப்பாவிடம் இன்னும் பேசவில்லை. இதை நான் எழுதிக் கொடுக்க மாட்டேன், நீயே எழுது என்று அவனிடம் பேனாவைக் கொடுத்திருக்கிறேன்.

என் மகளுக்கு முத்தம்.

அண்ணன்


56 ஏபிஓ
10-8-2008

ஜோதிகாவுக்கு, கூரம் சாமுவேல் எழுதுவது. நான் நலம். நீங்களும் வீட்டில் அனைவரும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

எனக்கு மூன்று வரிக்கு மேல் எழுதிப் பழக்கம் இல்லை. இதற்கு நிறையத் தாள் கிழித்தாகிவிட்டது. கிறிஸ்டோபர் உதவி செய்ய மறுத்துவிட்டான்.

காவலறையில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டமாக இருந்தது. இந்த வாரம் நான் என்ன எழுதினேன் என்று சொல்ல ஆள் இல்லை. அம்மாவுக்கு இனி நானே எழுதுகிறேன். நீங்கள் போய்ப் படித்துக் காட்டினால் போதும். சேர்க்க வேண்டும் என்று தோன்றினால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் பெயரில் நீங்கள் கடைசியாக எழுதியதில் ஒரு திருத்தம் இருக்கிறது. உங்கள் அப்பாவிடம் கிறிஸ்டோபர் கேட்க வேண்டியதில்லை. டிசம்பரில் லீவு கொடுக்கிறார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு நானே வந்து கேட்கிறேன்.

அதற்கு அடுத்த வரியில் எனக்குத் திருத்தம் ஒன்றும் இல்லை. அதை நான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சாமுவேல்